இரண்டு டி'குரூஸ்களுக்கு நடுவே

முப்பத்தொன்றாம் எண் வள்ளத்துக்குச் செய்தி போயிருந்தது. நாற்பத்து நான்காம் எண்ணுக்கும் போயிருந்தது.

நடுவில் இருந்த பன்னிரண்டு வள்ளங்களைக் காணோம்.

போகவில்லை என்றுகூடத் திரை சொல்லவில்லை. அப்படிப் பன்னிரண்டு பேர் கடலில் இருப்பதே தெரியாததுபோல அடுத்த எண்ணுக்குத் தாவியிருந்தது.

அவள் நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

தூத்துக்குடியில் ஒரு மீனவர் சங்கத்தின் அலுவலகம் அது. கடலில் காற்று ஏறும் என்று தகவல் வந்தால், வெளியே போயிருக்கும் வள்ளங்களின் கைபேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்புவது அவள் வேலை. அனுப்பும் நிரலை எழுதியவளும் அவள்தான். கட்டளைக்குத் தமிழிலேயே 'அனுப்பு' என்று பெயர் வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு வரி. அனுப்பு, வள்ளத்தின் எண், பெயர்; அந்தப் பெயர் செய்தியின் மேலேயும் வரும். நான்கு வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை.

நேற்று அந்த நிரல் ஓடிய பழைய கணினி நின்றுபோனது. விண்டோஸ் போய் லினக்ஸ் வந்தது. வரிகளை அப்படியே எடுத்து வைத்தாள்.

இன்று மதியம் இரண்டு மணிக்குப் புதிய கணினியிலிருந்து முதல் எச்சரிக்கை. ஐந்துக்குள் எல்லோரும் கரைக்கு வந்துவிட வேண்டும்.

பன்னிரண்டு பேருக்கும் போன் போடச் சொல்லிப் பக்கத்து மேசை ஜெனோவாவிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

பயத்துக்கு அடியில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

ஏன் இந்தப் பன்னிரண்டு?

ஒரே தெருக்காரர்கள் இல்லை. ஒரே கைபேசி நிறுவனமும் இல்லை. பட்டியலில் அடுத்தடுத்து இருந்ததைத் தவிர அவர்களுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை.

முப்பத்தொன்றாம் வரியை மட்டும் தனியாகத் தட்டினாள். இன்னாசி டி'குரூஸ். என்டர்.

கணினி அனுப்பவும் இல்லை, பிழை என்று சொல்லவும் இல்லை. அடுத்த வரியில் கூர்மையாக ஒரு சின்னக் குறியைப் போட்டுவிட்டு நின்றது.

மறுபடி என்டர். மறுபடி அதே குறி.

இன்னும் ஏதோ வரவேண்டும் என்று காத்திருந்தது.

அவள் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். டி-க்கும் குரூஸுக்கும் நடுவே, மேலே, ஓர் ஒற்றைக் குறி.

விண்டோஸ் அதைப் பெயரில் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு போய்விடும். லினக்ஸுக்கு அது மேற்கோளின் தொடக்கம். மூடும் குறி வரும்வரை எது வந்தாலும் அதே பெயரின் தொடர்ச்சிதான். இடைவெளியும் பெயர். அடுத்த வரியும் பெயர். அடுத்த ஆளும் பெயர்.

விரலைப் பட்டியலில் வைத்துக் கீழே இறக்கினாள். முப்பத்திரண்டு, கர்வாலோ. முப்பத்துமூன்று, மச்சாது. குறி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

நாற்பத்துமூன்றில் விரல் நின்றது.

ரெமிஜியுஸ் டி'குரூஸ்.

அங்கே மூடியிருந்தது.

அப்படியென்றால் பன்னிரண்டு பேரும் தொலைந்துபோகவில்லை. இன்னாசியின் பெயருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கு," என்றாள் ஜெனோவா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "வலைய ஏத்திட்டு வந்துட்டு இருக்காங்களாம். இன்னாசி அண்ணன் வயர்லெஸ்ல கூப்பிட்டுச் சொன்னாராம்."

அவள் இன்னாசியை அழைத்தாள்.

எஞ்சின் இரைச்சலுக்கு மேலாக அவர் கத்திப் பேசினார். காற்று வருகிறது என்ற செய்திக்கு மேலே தன் பெயர் இருந்ததாகவும், அதன் கீழே வரிசையாக மற்றவர்கள் பெயர் இருந்ததாகவும் சொன்னார். அவர்களுக்கு அலுவலகத்தால் சேதி சேர்க்க முடியவில்லை போலும், தன்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

"ஒவ்வொரு பேருக்கும் முன்னால 'அனுப்பு, அனுப்பு'ன்னு நீங்கதான போட்டிருந்தீங்க. அனுப்பிட்டேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

அது தன் தவறு என்று சொன்னாள். அதற்கென்ன மேடம் என்றார்.

கடைசிப் பெயரைப் பற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தது. ரெமிஜியுஸ் அவருடைய தம்பி. அப்பாவின் வள்ளம் யாருக்கு என்பதில் உறவு முறிந்து, ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. கரை முழுக்கத் தெரிந்த விஷயம்.

நாற்பத்துமூன்றையும் கூப்பிட்டீர்களா என்று கேட்டாள்.



"பேரு இருந்துச்சே மேடம். விட முடியுமா?"

பிறகு அவராகவே சொன்னார்.

"முதல்ல அவன்கிட்டருந்து சத்தமே இல்ல. பொறவு, நீ எங்க நிக்கன்னு கேட்டான்."

காற்று ஏறும் முன்பே பன்னிரண்டு வள்ளங்களும் கரை தொட்டன. முப்பத்தொன்றும் வந்தது.

அன்று சாயங்காலமே அவள் எல்லாப் பெயர்களையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தாள். ஒவ்வொன்றாகச் சோதித்தாள். இனி யார் பெயரும் இன்னொருவர் பெயருக்குள் போகாது.

ஒன்பது நாள் கழித்து மறுபடி காற்று. செய்தி அனுப்பினாள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஐந்து நிமிடத்தில் இன்னாசி அழைத்தார்.

"மேடம், இந்தத் தடவ தம்பி பேரு வரலியே?"

தம்பிக்கு நேராகவே போய்விட்டது, இனி எப்போதும் நேராகப் போய்விடும் என்று அவள் விளக்கினாள்.

"அப்படியா," என்றார்.

போனை வைக்கவில்லை.

"சரி. இருந்தாலும் நானும் ஒரு வார்த்த சொல்லிருதேன்."