நங்கூரச் சந்தில் குழாய் திறப்பு விழா

நங்கூரச் சந்து முனையில் இருந்த கரும்பலகையில் தேவப்பிரியம் சாக்பீஸால் எழுதிவிட்டால் அது அரசாங்க உத்தரவு மாதிரி. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தின் நலச் சங்கத்துக்கு அவரே செயலாளர், அவரே பொருளாளர், பல சமயம் கூட்டமும் அவரேதான்.

அந்த வாரம் பலகை நிறைந்து வழிந்தது. செவ்வாயன்று அம்மை குத்த வருவார்கள், யாரும் ஓடி ஒளியக் கூடாது. வெள்ளியன்று கொசு மருந்து. இவற்றுக்கெல்லாம் மேலே கொட்டை எழுத்தில்: "ஞாயிறு பூசை முடிந்ததும் குடிநீர்க் குழாய் திறப்பு விழா. கவுன்சிலர் திறந்து வைப்பார். பெண்கள் காலிக் குடத்துடன் வரவும்."

காலிக் குடத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த்தான் சந்து முழுவதும் தண்ணீர் சுமந்தது. போன மாதம் சிலுவையம்மாளின் மருமகள், வயிற்றுப் பிள்ளையோடு, குடத்தோடு தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தாள். பிழைத்தது மாதா புண்ணியம். அன்றிலிருந்து தேவப்பிரியத்தைக் கண்டாலே சிலுவையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பித்தளைக் கொயாயாமே அண்ணாத்தே? பக்கத்துத் தெருவுலயும், அதுக்கு அடுத்த தெருவுலயும் தொறந்த மறுநாளே எவனோ கயட்டிகினு பூட்டான். நம்மள்து மட்டும் நிக்குமா?" என்று மடக்கினாள்.

"நிக்கும். நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் தேவப்பிரியம். அவர் பார்வை எதிரே இருந்த ரஷீதின் காயலாங்கடைக்குப் போனது. ஓட்டை உடைசல் வாங்கி விற்கிறவன் கடை வாசலில் இருக்கும்போது, திருடனைத் தேடி வேறு எங்கே போவது? அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. தீர்ப்புதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை பேண்டு முழங்கியது. சந்தின் ஓரத்தில் பூட்டிக் கிடந்த உப்புக் கிடங்கின் சுவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் எட்டிப் பார்த்தது. அதன் நுனியில் பளபளவென்று பித்தளைத் திருகு. அதற்கு ஒரு சாமந்தி மாலை. கவுன்சிலர் மாலையை ஒதுக்கித் திருகைத் திருப்பினார். தண்ணீர் கொட்டியது. சிலுவையம்மாளின் குடம் நிரம்பியபோது அவள் அழுதே விட்டாள்.

"தந்தது நாங்கள், காப்பது நீங்கள்!" என்று முழங்கிவிட்டுக் கவுன்சிலர் காரில் ஏறினார்.

குழாயைப் பொருத்திய காண்டிராக்டரின் பிட்டர் அப்பாவு திருகை இறுக்கி மூடினான். "புது ஜாயிண்ட்டு. நாளிக்கி சாயங்காலம் வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

தேவப்பிரியம் அங்கேயே நாற்காலியைப் போட்டுக் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழவில்லை. காயலாங்கடையில் சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். மறுநாள் உச்சி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்த நேரம், தெய்வமாகப் பார்த்து அப்பாவுவை அனுப்பியது.

"மூஞ்சி வாடிகினு கீதே நைனா. வூட்டாண்ட போயி ஒரு வாய் துன்னுட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மாலை தரையில் கிடந்தது. திருகைக் காணோம். குழாயின் வாயில் ஒரு மரக்கட்டை அடித்திருந்தது. அப்பாவு தலையில் அடித்துக்கொண்டான்.

"பீடி பத்த வைக்கத் திரும்பினேன் நைனா, அதுக்குள்ள லவட்டிகினு பூட்டான்! தண்ணி வீணாவக் கூடாதேன்னு நான்தான் கட்டை அடிச்சேன்."

இப்படி ஒரு கடமை உணர்ச்சியா என்று தேவப்பிரியம் நெகிழ்ந்துபோனார். அதே சூட்டில் போய் ஏட்டையாவை அழைத்து வந்தார்.

காயலாங்கடை தலைகீழாயிற்று. ஆணி, அண்டா, கப்பல் சங்கிலி எல்லாம் தெருவுக்கு வந்தன. திருகு மட்டும் வரவில்லை. அந்தக் கோபத்தில் ஏட்டையா ரஷீதின் கன்னத்தில் இரண்டு வைத்தார்.

"எங்கடா பதுக்கி வச்சிருக்க? கடையை மூடிட்டு ஸ்டேஷனுக்கு நட!"

"நான் எடுக்கல சார். எடுத்தவன் கை அயுகிப்போவட்டும்." ரஷீது உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பழைய பித்தளைத் திருகு ஒன்றோடு வந்தான். "கப்பல் ஒடைச்சதுல வந்த சரக்கு இது. சும்மாவே தரேன். மாட்டி வுட்டுட்டு வரேன், பொம்பளைங்க தண்ணி புடிக்கட்டும். அப்பால இன்னா வேணா பண்ணிக்கோ."

"பார்த்தீங்களா ஏட்டையா? மனசு உறுத்துது அவனுக்கு!" என்றார் தேவப்பிரியம் வெற்றிச் சிரிப்போடு.

நொடியில் குடங்கள் வரிசை கட்டின. "இன்னிக்கி வேணாம்பா, பிரஷர் ஜாஸ்தி, மூஞ்சில அடிக்கும்" என்று அப்பாவு குறுக்கே வந்தான். சிலுவையம்மாள் இடுப்புக் குடத்தாலேயே அவனை நகர்த்தினாள்.

ரஷீது கட்டையைப் பிடுங்கினான். எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"தண்ணி விடுற நேரம் இது இல்லை. அதெல்லாம் வரும். நீ மாட்டு!" என்று அதட்டினார் தேவப்பிரியம். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் நின்ற அப்பாவுவைக் காணோம்.

ரஷீது தன் கப்பல் திருகைப் பொருத்தி, ஸ்பானரைப் போட்டு ஓங்கி ஓர் இறுக்கு இறுக்கினான்.

முழ நீளம்கூட இல்லாத அந்த இரும்புக் குழாய் சுவரிலிருந்து கழன்று அவன் கையோடு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு ரப்பர் டியூபும் வர, அதைப் பிடித்து இழுத்ததில் சுவருக்கு அந்தப் பக்கம் காலித் தகரப் பீப்பாய் ஒன்று கடகடவென்று உருண்டு விழுந்தது.