மாடியிலிருந்து பதில்

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

மாடிப்படி இறங்கி வந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுன்னாரு."

"அவ்வளவுதானா?"

"கம்ப்யூட்டரையே முறைச்சுக்கிட்டுக் கண்ணைக் கெடுத்துக்க வேணாம்னாரு."

மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. துணிக்கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன், வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று அவள் கத்திய நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. ஒரு முழத் துணிக்கு ஒரு மணி நேரம் வாய் ஓயாதவர், பெற்ற மகளிடம் வாயைப் பூட்டிவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் அம்மாதான் தபால்காரி.

வாசலோரம், ஒரு சக்கரம் நொண்டும் பெட்டி தயாராக நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கார் வந்துவிடும். அதற்குள் அப்பா ஒரு வார்த்தை நேரில் பேசிவிட மாட்டாரா?

கையிலிருந்த வேலை வேறு இடக்குப் பண்ணியது. ஊர் உலகத்துப் புரோகிராமர்களெல்லாம் புழங்கும் ஒரு கணினி மொழி. அதன் அடிப்படை லைப்ரரியில், எல்லாரும் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில், ஒரு பிழை. கிளம்புமுன் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அதுல என்னடி அப்படி ஒரு சிக்கல்?"

"இது ஒரு நடுவாள்மா. நாம கேக்கறதை உள்ளே இருக்கறவன்கிட்ட சேர்த்து, அவன் சொல்ற பதிலை வாங்கிக் குடுக்கணும். பதில் அழகா வருது. ஆனா தப்பா வருது. நடுவுல எதை முழுங்குதுன்னு வரிவரியாத் தேடறேன், சிக்க மாட்டேங்குது."

"முழுங்கினா என்ன தப்பு?" தரகர் வீட்டில் பிறந்த அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் சொன்னதைச் சொன்னபடியே சொன்னா எந்தச் சரக்குடி விலைபோகும்? வெட்டுக்குத்துதான் விழும்!"

மகள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் பிடிவாதமும் கொஞ்சம் இளகியது. "சரி, போய்ச் சொல்லு. அன்னைக்கு நான் கத்தினது தப்புதான். அவர் முகத்தைப் பாக்காம போக மனசு வரல. கீழே வரச் சொல்லும்மா."

அம்மா ஒரு கணம் தடுமாறினாள். "கீழேயா? கேட்டுப் பாக்கறேன்" என்று மறுபடி படியேறினாள்.

அழைப்பு மணி அடித்தது. காருக்கு இருக்கும் அவசரத்தைப் பார் என்று முணுமுணுத்தபடி மகள் கதவைத் திறந்தாள்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கையில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுப் பெட்டி.

"பழசுல சக்கரம் உடைஞ்சிருக்கு" என்றார், பெட்டியிடம் பேசுவதுபோல. "விடிஞ்சதும் உங்கம்மாகிட்டகூடச் சொல்லாம கிளம்பினேன். நாலு கடை ஏறி இறங்கி இப்பத்தான் விலை படிஞ்சது."

மகளுக்குப் பொறி தட்டியது. நடுவாள் எதையும் முழுங்கவில்லை. உள்ளே ஆளே இல்லை. பதிலெல்லாம் அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது!

அந்நேரம் பார்த்து மாடியிலிருந்து, ஆளுக்கு முன்னால் அம்மாவின் குரல் இறங்கி வந்தது: "அப்பா சொல்லிட்டாருடி! எம்பொண்ணு மேல எனக்கென்ன கோபம்னு சொல்லிட்டாரு!"

அப்பா மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக மகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "நான்தான் சொன்னேன்."