எடுக்காத துணி

எதிர் வீட்டு வாசல்ல ஒரே கூட்டம், நான் எங்க மாடி ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு நிக்கறேன். அந்த வீட்டுல திருடினவனைப் போலீஸ்காரர் கூட்டிட்டு வந்திருக்கார். கேட்டுக்கு வெளியே சமையல்காரப் பொண்ணு அழுது வீங்கின மூஞ்சியோட நிக்கறா. தாங்க ஊருக்குப் போற சேதியை அவதான் வெளியே சொல்லியிருப்பான்னு வீட்டுக்காரி அவளை வேலையை விட்டே நிறுத்திட்டா. "வீட்டுல ஆள் இல்லன்னு உனக்கு யாருடா சொன்னா?"ன்னு போலீஸ்காரர் கேக்கறார். விலங்கு மாட்டின ரெண்டு கையையும் அவன் மாடியில துணி காயற கொடிப் பக்கம் தூக்கறான், பாத்தா கும்பிடற மாதிரி இருக்கு. "யாரும் சொல்லலை சார். அன்னிக்குத் திடீர்னு மழை வந்துச்சு. எல்லா மாடியிலயும் ஓடியாந்து துணியை எடுத்தாங்க. இங்க மட்டும் ஒரு கை வரலை." "நீ வானிலை ஆபீஸ்ல இருக்க வேண்டியவன்டா"ங்கறார் போலீஸ்காரர். அம்மாடி! அதே மழையை நானும் இதே ஜன்னல்லதான் பாத்தேன், எனக்குத் தெரிஞ்சது வெறும் மழை. "இப்பவாவது நம்பறீங்களாக்கா?"ங்கறா அந்தப் பொண்ணு. வீட்டுக்காரி மூஞ்சியைப் புறங்கையால துடைச்சுக்கிட்டு, தானே வந்து கேட்டைத் திறந்து விடறா.