எந்தக் காலத்து மோதிரம்?

மூழ்கிய கப்பலின் பீரங்கியோடு ஒட்டிக்கிடந்த கட்டி அது. அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில், துருவும் சிப்பியும் இறுகிய மேலோட்டை அவள் ஊசியால் மெல்லப் பெயர்த்தாள். உள்ளே தங்க மோதிரம்!

"கப்பலுக்கு முந்நூறு வயசு. மோதிரம் மெஷின்ல செஞ்ச மாதிரி இருக்கே!" புதிதாக வந்திருந்த இயக்குநர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

"பீரங்கித் துரு பக்கத்துல எது விழுந்தாலும் ரெண்டு மூணு வருஷத்துலயே இப்படி மூடிக்கும் சார்" என்றாள் அவள்.

கடலில் மூழ்கிக் கட்டியை மேலே கொண்டுவந்த டைவர் கையைப் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டார். "எவனாவது டூரிஸ்ட் தவறவிட்டிருப்பான். தூக்கிப் போடுங்க மேடம்."

அவள் காதில் வாங்கவில்லை. மோதிரத்தின் உட்புறத்தை லென்ஸில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்தக் காலத்துதும்மா?" இயக்குநருக்குப் பொறுக்கவில்லை.

"எங்க கல்யாணக் காலத்துது சார். உள்ளே என் பேர் இருக்கு."

"என்னம்மா குழப்புறே? உன் மோதிரம் எப்படிக் கடலுக்குள்ள போச்சு?"

"என்னோடது இல்ல சார். என் வீட்டுக்காரருக்கு நான் போட்டது."

அவள் டைவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, பாக்கெட்லேர்ந்து கையை எடுங்க. அந்த விரல்ல இருக்கிறது எந்தக் காலத்துது?"