மாஸ்டரின் இடுப்பளவு

"அம்மா, என்ன பண்றே?"

மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அம்மாவின் மடியில் அப்பாவின் சாம்பல் நிற பேண்ட். பின்பக்கத் தையலை பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தவள், கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தோடு நிமிர்ந்தாள்.

"கத்தாதே. உள்ளே மடிச்சிருக்கற துணியை விட்டு இடுப்பைக் கொஞ்சம் பெருசாக்கறேன்."

"அதுக்கு அப்பாகிட்டயே குடுக்க வேண்டியதுதானே? ஊருக்கே பேண்ட் தைக்கிறவர்!"

"அவருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இந்தக் கூத்தே!"

மகளுக்குப் புரிந்துவிட்டது.

அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய். ஆண் ஹார்மோனை அடக்கி வைக்க மாதாமாதம் ஊசி. நோய் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் ஊசி அதோடு நிற்கவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று வேர்த்துக் கொட்டும். மகள் கல்யாணத்தில்கூடக் கண் கலங்காத மனுஷன், சோப்பு விளம்பரத்தில் குழந்தை சிரித்தால் விசும்புகிறார். வயிறு வேறு, கேட்பாரில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

முதல் ஊசி போட்ட அன்றைக்கே டாக்டரிடம் கறாராகச் சொன்னவர் அவர். "வேர்க்கட்டும், தூக்கம் போகட்டும், பொறுத்துக்கறேன். ஆனா என் பேண்ட் எனக்கே ஏறலைன்னா, அன்னைக்கே இந்த ஊசிக்கு ஒரு முழுக்கு. நாலு பேருக்கு அளவு எடுக்கறவன் பீப்பாய் மாதிரி நிக்க முடியாது."

சொன்னால் செய்கிற ஆள். அதுதான் அம்மாவின் பயம்.

"ஏம்மா, இது ஏமாத்து வேலை இல்லையா? ஊசியைப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்களே அந்த டாக்டரம்மா, அவங்க என்ன சொன்னாங்க? தினமும் நடந்தா சதை போடறது குறையுதா, எலும்புக்கு நல்லதான்னு பாக்கறதுக்குத்தானே அப்பாவையே அதுல சேத்திருக்காங்க! உடம்பு ஏறுதுன்னு தெரிஞ்சாதானே அவர் நடப்பார்?"

"தெரிஞ்சா நடக்க மாட்டார். ஊசியை நிறுத்துவார். எனக்கு ஒல்லியான புருஷன் வேண்டாம்டி. உசுரோட இருக்கற புருஷன் போதும்."

அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் மகளுக்கு மனசு ஒப்பவில்லை. முக்கியமாக அப்பா மேல்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அடுத்தவன் சட்டையில் ஒரு நூல் விலகியிருந்தால் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடிக்கிறவர், தன் இடுப்பில் நடக்கிறது தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "பாத்தியா, மாப்பிள்ளையா வந்தப்ப இருந்த அதே இடுப்பு!" என்று பீற்றிக்கொள்கிறார். போன தடவை ஆராய்ச்சிக்காக நர்ஸ் டேப்பை எடுத்தபோது, "அளவை மட்டும் என் காதுல போடாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இந்த வயதில் இப்படி ஒரு ஜம்பம்!

இன்றைக்குப் போட்டு உடைத்துவிடுவது என்று நேரே கடைக்குப் போனாள்.

மாஸ்டர் (கடையில் அப்பாவுக்கு அதுதான் பெயர்) மேஜையில் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு விஷயம். கோபப்படக் கூடாது. உங்க பேண்ட் எல்லாம்..."

"உங்கம்மா பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறா. அதானே?"



"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தடவையே தெரியும். அதெல்லாம் ஒரு தையலா? கோணக்கோணையா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. நூலும் வேற கலர்."

"அப்ப, ஊசியை நிறுத்திடுவேன்னு சொன்னீங்களே?"

மாஸ்டர் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குச் சாப்பாடு போடறப்ப அவ கையைப் பாத்தேன். விரல் நுனியெல்லாம் குத்து. பட்டன் வைக்கக்கூடத் தெரியாதவ. எனக்காக அவ இத்தனை குத்து வாங்கறா. மாசத்துக்கு ஒரு குத்து வாங்கறதுல நான் என்ன குறைஞ்சா போயிடுவேன்?"

கண் நிறைந்துவிட்டது. "பாழாப்போன ஊசி, எடுத்ததுக்கெல்லாம் அழ வைக்குது" என்று பழியை அதன் மேல் போட்டுவிட்டு, சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிப்பா, நடக்கச் சொன்னாங்களே?"

"தினமும் கடையிலேருந்து வீட்டுக்கு நடந்துதான் போறேன். பஸ் லேட்டுன்னு உங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ பாட்டுக்குப் போட்டுக் குடுத்துடாதே."

"எல்லாம் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடலாமேப்பா. பயந்து பயந்து சாகறா."

"சொல்லிட்டு? நான் கண்ணாடி முன்னால பீத்திக்கறப்ப அவ முகத்தை நீ பாத்திருக்கியா? அவ கையாலயே என் உசுரைப் புடிச்சு வெச்சிருக்கற மாதிரி அப்படி ஒரு பூரிப்பு. அதுல மண்ணை அள்ளிப் போடச் சொல்றியா?"

மகள் குனிந்து மேஜை மேலிருந்த துணியைப் பார்த்தாள். தையல்காரர் பெண்ணாயிற்றே, கண் சும்மா இருக்குமா?

"இது யாருக்குப்பா?"

"எனக்குத்தான். புது பேண்ட்."

"பின்பக்கம் தையலுக்கு ஏன் இவ்வளவு அகலமா துணி விடறீங்க? வீணாத்தானே போகும்?"

மாஸ்டர் கத்திரிக்கோலை எடுத்தார்.

"பழைய பேண்ட்ல எல்லாம் உள்ளே விட்டிருந்த துணி தீந்து போச்சும்மா. இனிமே பிரிச்சு விட ஒண்ணுமே இல்லைன்னா, பாவம், உங்கம்மா என்ன பண்ணுவா?"