உயரப் பலகை

பிறக்கப்போகும் பிள்ளையின் அறையில் கடைச் சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாதென்று தச்சர் ஒற்றைக்காலில் நின்றார். தொட்டிலை முடித்தபின், உயரம் அளக்கும் பலகையை இழைத்து, எண்கள் வரைந்து, சுவரில் மாட்டினார்.

மறுநாள் காலை இரண்டடியில் ஒரு பென்சில் கோடு இருந்தது. தேய்த்து அழித்தார். அடுத்த நாள் கோடு இரண்டரையடியில் இருந்தது.

"நீயா போட்ட?"

"குனிஞ்சு செருப்பு மாட்டவே முடியல. நான் எங்க கோடு போடுறது?" என்றாள் நிறைமாத மனைவி.

கோடு மூன்றடிக்கு ஏறிய அன்று அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே எங்க வருதுன்னு பாத்துடறேன்" என்று பலகையைக் கழற்றி, ஒன்றரையடியோடு அறுத்து மாட்டினார்.

மறுநாள் கோடு இல்லை.

மனைவி வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, நேத்துலேருந்து பிள்ள அசையவே இல்ல."

தச்சர் பட்டறைக்கு ஓடி, அறுத்த துண்டை எடுத்துவந்தார். பசை தடவி, ஆணி அடித்து, பழையபடி பொருத்தினார். அதற்கும் மேலே இன்னொரு புதுத் துண்டைச் சேர்த்தார்.

"உதைக்குதுங்க!" என்று அவள் கத்தினாள்.

பசை இன்னும் காயவில்லை. மூன்றரையடியில் கோடு இருந்தது.

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கூராகச் சீவி, பலகையின் அடியில் வைத்தார்.