பஸ்ஸில் போகிற நாடு

"பஹ்ரைனும் வேண்டாம், கத்தாரும் வேண்டாம். ஓமன் போவோம். அதுவும் பஸ்ல!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கல்யாணசுந்தரம் இட்லித் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

பாலமுரளிக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. "எதுக்குப்பா ஓமன்?"

"என்னடா கேள்வி இது? எங்க விசா முடியப் போகுது. பக்கத்து நாட்டுக்குப் போய்ட்டுப் புது விசாவுல திரும்பி வந்தாதானே ஊர்ல பனி முடியிற வரைக்கும் உன்கூட இருக்க முடியும்? இந்த மாசத்துல குன்னூருக்குப் போனா உங்கம்மா மூச்சு இழுத்து இழுத்தே படுத்துடுவா."

"பஹ்ரைன்ல முத்து நல்லா இருக்குமாமே" என்று அம்மா ஷியாமளா மெதுவாக இழுத்தாள்.

"ப்ளேன்ல ஏறினா எனக்குக் காது அடைக்கும்."

"குன்னூர்லேர்ந்து ஷார்ஜாவுக்கு மாட்டு வண்டியிலயா வந்தீங்க?"

"அப்ப அடைச்ச காதுதான் இன்னும் தொறக்கலை!" என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "நீயும் வரணும்டா. உங்கம்மாவை வச்சுக்கிட்டு நான் தனியா அல்லாட முடியாது. லீவு கிடைக்குமா?"

"மேனேஜர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்ப்பா."

மேனேஜராவது, லீவாவது! பாலமுரளிக்கு வேலை போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அவன் இருந்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. விசாவையும் ரத்து செய்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் நாட்டை விட்டு வெளியேறி, விசிட் விசாவில் திரும்பி வந்தால்தான் இங்கிருந்து வேறு வேலை தேட முடியும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதை அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? குன்னூர் மார்க்கெட்டில் கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் 'என் பையன் ஷார்ஜாவுல இன்ஜினீயர்' என்று சொல்லித் திரிகிற மனிதர். அதனால் தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு, அம்மா கட்டிக்கொடுக்கும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு 'டியூட்டி'க்குக் கிளம்பினான். இன்டர்வியூ இருந்தால் இன்டர்வியூ. இல்லாத நாட்களில் பூங்கா பெஞ்சு.

வயதானவர்களைத் தனியே விட்டுவிட்டு, என்ன காரணம் சொல்லி இன்னொரு நாட்டுக்குப் போவது என்று அவன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா இப்படி வாய் திறந்தார். பாலமுரளிக்கு மெய் சிலிர்த்தது. பூஜை அலமாரியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தங்கள் விசா வேலையை அப்பாவே, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ட்ராவல்ஸ் கடை வைத்திருந்த முகம்மது ரிபாயிடம் ஒப்படைத்திருந்தார். மறுநாள் பாலமுரளி நைசாக அங்கே போய் நின்றான்.

"பாய், எனக்கும் ஒரு விசிட் விசா போட்டுடுங்க. அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

ரிபாய் அவனையே ஒரு கணம் பார்த்தார். "நான் எதுக்குத் தம்பி அவர்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார்.

கிளம்பிவிட்டார்கள். மணல்மேடுகள் முடிந்ததும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் மலைகள் எழுந்தன. கல்யாணசுந்தரம் சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்.

"ஷியாமளா, இங்க பாருடி! ஒரு மரம் இல்ல, ஒரு புல் இல்ல. எப்படி நிக்குது பாரு!"

"நம்ம ஊர் மலை புடவை கட்டிக்கிட்டு நிக்கும். இது வெறும் எலும்பாவே நிக்குதே" என்று ஷியாமளா தன்னையறியாமல் கைகூப்பினாள்.

பாலமுரளியும் வாய் பிளந்து பார்த்தான். இத்தனை வருஷமாக சைட், ரூம், மறுபடி சைட் என்று ஓடியவனுக்கு, இரண்டு மணி நேரத் தொலைவில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. செம்பு நிறத்தில், சாம்பல் நிறத்தில், மலைக்குப் பின்னால் மலையாக வந்துகொண்டே இருந்தன. அந்தப் பிரம்மாண்டத்துக்கு முன்னால் தன் பொய் ரொம்ப அற்பமாகப் பட்டது. இப்போதே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"இப்ப என்னடா பேச்சு? பேசாம மலையைப் பாரு" என்று ஓர் ஆரஞ்சை உரித்து அவன் கையில் வைத்தார் அப்பா.

எல்லையில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். பாலமுரளி வரிசையில் இரண்டடி பின்வாங்கினான். கவுண்டரில் இருப்பவர் 'உன் விசா கேன்சல்' என்று உரக்கச் சொல்லிவிட்டால்? அத்தனையும் அப்பா காதில் விழுமே!

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்கப்பா. நான் பின்னாலயே வரேன்."

அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக் கம்ப்யூட்டரைத் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். அரைகுறை இந்தியில் கேட்டார்: "பாபா, விசா மாத்தவா போறீங்க? உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

கல்யாணசுந்தரம் பின்னால் திரும்பவே இல்லை. குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவ ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தபோது பழகிய இந்தியில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தெரியும் சாப். விசா முடியறது எங்களுக்கு இல்லை, பின்னால நிக்கிற பையனுக்கு. வேலை போனதை எங்ககிட்ட மறைச்சுட்டுப் பூங்கா பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டேன். இந்த நேரத்துல அவனைத் தனியா அனுப்ப மனசு வரலை."